விளக்கு எரியும் வீடுகள் இருபத்தொன்பது

போன மாதம் ஒரு டீக்கடைக்காரர் என்னைத் திருட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று நினைத்துவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. சாயங்காலம் ஆறரை மணி. தஞ்சாவூருக்கு வெளியே, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு நாலு மாடி அபார்ட்மென்ட். எதிரே சாலையோரம் ஒரு பெண் நின்று, அண்ணாந்து பார்த்து, ஜன்னல் ஜன்னலாக எண்ணி, நோட்டில் குறித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

"என்னம்மா, வீடு பாக்க வந்தியா... இல்ல, நோட்டம் பாக்க வந்தியா?"

"சர்வேங்க."

"போன வருஷம் வந்தவனும் அப்படித்தான் சொன்னான். அவன் போன மறுநாளு ரெண்டு வீட்டுல பித்தளைக் குழாயக் காணும்."

ஒரு டீ வாங்கிக் குடித்த பிறகுதான் கொஞ்சம் நம்பினார். முழுதாக அல்ல. நான் கிளம்பும்போது கட்டடத்தின் குழாய்கள் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நகரமைப்பு படித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் இருக்கிறேன். எந்த இடத்தில் எத்தனை மாடி, எவ்வளவு அகலத்தில் ரோடு, எங்கே சாக்கடை என்று படம் போடும் வேலை. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி.

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. அதைச் சுற்றி வீடுகள் எப்படி வர வேண்டும்? எங்களிடம் வந்த கேள்வி இதுதான். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இப்போது நடப்பதையே நடக்கவிடுவது. இந்த வருடம் நெல் வயல். அடுத்த வருடம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள். அதற்கடுத்த வருடம் யாரோ ஒருவர் பெயரில் ஒரு 'நகர்'. பிறகு பத்து வருடம் கருவேல முள். இப்படியே வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டிப் பாபநாசம் வரை போய்விடலாம் — தடுக்க ஆளில்லை.

இரண்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் மூன்று மாடி, நாலு மாடியாக நெருக்கிக் கட்டுவது. நடந்து போய் பஸ் ஏறலாம். மிச்ச நிலம் வயலாகவே இருக்கலாம்.

நான் இரண்டாவது கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வருவதைப் படித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் மேனேஜருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. "நம்ம ஊருக்காரன் கொல்லையில முருங்கை இல்லாம குடியிருப்பானாம்மா? மாடி வீட்டுக்குப் போவானா?"

பதில் கண்ணெதிரே இருந்தது. அந்தப் பக்கத்தில் முதலில் எழும்பிய அபார்ட்மென்ட் அது. முப்பத்திரண்டு வீடுகள். அங்கே ஆட்கள் குடியிருந்து, நடந்து போய் பஸ் ஏறுகிறார்கள் என்றால் எங்கள் திட்டத்துக்குக் கால் முளைத்துவிடும். வீடு வீடாகப் போய்க் கேட்கலாம் என்றால் வாட்ச்மேன் விடவில்லை. சங்கத்தில் கடிதம் வாங்கிவரச் சொன்னார். சரி... ஜன்னல் வெளிச்சத்தை எண்ணினால் போயிற்று! விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை. இதற்கு எதற்குக் கடிதம்?

எண்ணினேன். இருபத்தொன்பது வீடுகளில் விளக்கு எரிந்தது. எரியாத மூன்றும் இன்னும் விற்காதவை. கிரில்லில் புரோக்கர் நம்பர் தொங்கியது. ஆக, விற்ற வீடுகள் எல்லாமே நிரம்பிவிட்டன. முருங்கையாவது, கொல்லையாவது!

ஆபீஸ் போய் அந்தக் கட்டடத்துக்கு வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்தேன். பச்சை என்றால் 'முழுக் குடியிருப்பு'.

அடுத்து, இத்தனை பேரும் எந்த பஸ்ஸில் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் யாரும் வெளியே வரவில்லை.

இரண்டாம் நாள் வாட்ச்மேன் டீ குடிக்க வந்தார். ஒரு பூனை வந்தது. அது பஸ் ஏறவில்லை.

காரணங்களைப் பட்டியல் போட்டேன். எல்லோரிடமும் டூவீலர் இருக்கிறதா? கேட் வழியாக டூவீலரும் வரவில்லையே. விடுமுறையா? அன்று வியாழக்கிழமை. பின்பக்கம் இன்னொரு கேட்? பின்பக்கம் வாய்க்கால். நான் எண்ணியதே தப்போ என்ற காரணத்தை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. படித்தவர்கள் போடும் பட்டியல்களில் அது எப்போதும் விட்டுப்போகும்.

டீக்கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது. "ஏம்மா, காலைல இங்க யாரு வரப்போறா? சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஆரோக்கியமேரியப் பாரு. எல்லாம் சொல்லும்."

போனேன். இரண்டாவது மாடிப் படியில் அவரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் செருகிய முந்தானை, ஒரு கையில் எண்ணெய்த் தூக்கு, இன்னொரு கையில் வளையல் அளவு கம்பியில் கோத்த சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் ஒரு துணிக்கிழிசல் முடிந்திருந்தது. கீழ்த்தளத்துக்குச் சிவப்பு, முதல் மாடிக்கு நீலம்... என் ஆபீஸ் வரைபடத்தைவிட ஒழுங்கு.

"அக்கா, இந்த வீட்ல யார் இருக்காங்க?"

"வெளக்கு இருக்குங்க."

"ஆளு?"

"ஆளு மஸ்கட்ல."

"எதிர் வீடு?"

"சிங்கப்பூரு. அதுக்குப் பக்கத்துது குவைத்து. கீழ ஒரு ரிட்டையர்டு சாரும் அம்மாவும் இருந்தாங்க. மகளுக்குப் பிரசவம்னு அமெரிக்கா போயி ஆறு மாசம் ஆச்சு. அந்தச் சாவியும் நம்மகிட்டதான்."

பேசிக்கொண்டே பூட்டைத் திறந்தார். ஹாலில் ட்யூப்லைட் சுவிட்சைத் தட்டினார். பூஜை அலமாரியில் முருகனுக்கு முன்னால் சின்ன விளக்கில் எண்ணெய் விட்டு, திரியை நிமிண்டி, ஏற்றினார். பிறகு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"நான் வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடந்து போறவங்க. அதுக்கென்ன? தீப்பெட்டி எந்தச் சாமிக்குன்னு பாத்தா பத்துது? மூணாவது மாடில ஒரு அல்லேலூயா வீடு இருக்கு. அங்க மட்டும் லைட்டோட சரி, எண்ணெ மிச்சம்."

அந்தியில் விளக்கு வைக்காத வீட்டுக்கு லட்சுமி வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடுவாள் என்பது நம் ஊர் நம்பிக்கை. லட்சுமியைத் தேடித்தான் மஸ்கட்டும் சிங்கப்பூரும் போயிருக்கிறார்கள். அவள் இங்கே வந்து ஏமாந்துவிடக் கூடாதே! அதனால் ஆள் போட்டு விளக்கு வைக்கிறார்கள். ஆறு மணிக்கு ஏற்றி, ஏழு மணிக்கு மறுபடி வீடு வீடாகப் போய் மலையேற்ற வேண்டும். நடுவில் ஆரோக்கியமேரியின் செல்போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

"குவைத்து," என்றார். "ஏத்தியாச்சான்னு கேக்குறாங்க." அவரும் ஒரு ரிங் விட்டுக் கட் செய்தார். ஏற்றியாகிவிட்டது என்று அர்த்தமாம்.

நான் ஆறரை மணிக்கு எண்ணினேன். வேறு எந்த நேரத்தில் எண்ணியிருந்தாலும் பிழைத்திருப்பேன்.

"நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"பாபநாசத்துப் பக்கம்ங்க. உள்ள கிராமம். ரெண்டு பஸ் மாறி வரணும்." ஒரு படி இறங்கி நின்றார். "ஏம்மா, நீங்க வீடு கட்டுற பிளான் போடுறவங்கன்னு டீக்கடை அண்ணன் சொன்னாரு. ஒண்ணு கேக்கலாமா?"

அவர் மகள் ஜெனிட்டா நர்சிங் முதல் வருடம். கல்லூரி பஸ் காலை ஆறே முக்காலுக்குப் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறது. ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் மாறி வந்தால் ஏழு மணி. கால் மணி நேரத்தில் தவறுகிறது, தினமும். பிறகு வேறு பஸ்களில் தொற்றிப் போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடுகிறது. ஹாஸ்டலில் இடமில்லை. அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

"இங்கிட்டு ஒரு ரூம் கெடச்சாப் போதும்ங்க. நடந்து போயி பஸ் ஏறிரும். எல்லா ஓனர்கிட்டயும் கேட்டுட்டேன். சாவி குடுக்குறாங்க, வீடு குடுக்க மாட்றாங்க."

இருபத்தொன்பது வீட்டுச் சாவி வைத்திருப்பவர் ஒரு ரூம் கேட்கிறார்!

"உங்க பிளான்ல எங்கள மாதிரி ஆளுக்கு வீடு வருமா?"

"வரும்க்கா. சின்ன வீடுங்களும் சேர்த்திருக்கோம்."

"எப்ப வரும்?"

"அஞ்சு வருஷத்துல..."

"படிப்பே நாலு வருஷம்தாங்க."

பத்து வருடத் திட்டம், இருபது வருடத் திட்டம் எல்லாம் போட்டிருக்கிறேன். ஒரு மாதத் திட்டம் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. சங்கத் தலைவரைப் பார்க்கப் போனேன். குடியிருப்போர் நலச் சங்கம் என்பது முழுப்பெயர். பெயரில் ஒரே ஒரு குறைதான் — குடியிருப்போர் இல்லை. தலைவர் சிங்காரவேலு சார், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், டவுனுக்குள் சொந்த வீட்டில் இருக்கிறார். இரண்டு மகன்கள் வெளிநாட்டில். அவர்கள் பெயரில் இரண்டு, தன் பெயரில் ஒன்று என்று அந்த அபார்ட்மென்ட்டில் மூன்று வீடுகள். மூன்றும் காலி.

விஷயத்தைச் சொன்னேன். காபி வந்தது. பதிலுக்குப் பதில் கேள்வி வந்தது.

"ஏம்மா, உங்கப்பாவுக்கு நெலம் உண்டா?"

"இல்லைங்க சார். டவுன்லயே பொறந்து வளந்தவங்க."

"அதான் இப்படிக் கேக்குற. எங்க தாத்தா ஒருத்தருக்குக் குத்தகைக்கு விட்டாரு, நாலு மா நெலம். அவரு பேரு பதிவாச்சு. அவரு போயி மகன் வந்தாச்சு, இப்ப பேரன் நாத்து விடுறான். பட்டா என்கிட்ட இருக்கு. நெலம் அவன்கிட்ட இருக்கு. குத்தகைக்குப் போன வயலு திரும்பி வந்து நீ பாத்துருக்கியா?"

"சார், இது வயல் இல்லை. மூணாவது மாடி. பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டுக்கலாம். அந்தச் சட்டம் வேற, இது வேற."

"சட்டம் வேறயா இருக்கலாம்மா. சனம் ஒண்ணுதானே? உழுறவனுக்குத்தான் நெலம்னாங்க. நாளைக்குப் படுக்குறவனுக்குத்தான் வீடும்பாங்க. பேப்பர்ல பேரு ஏறிச்சுன்னா எறங்காது."

வெளியூர்ப் புத்தகங்களில் வீட்டைப் பூட்டிவைக்க ஆயிரம் காரணம் எழுதியிருப்பார்கள். நாலாவது மாடியில் குடிவந்தவர் நடவு நட்டுவிடுவாரோ என்ற பயம் எங்கள் டெல்டாவுக்கே உரியது. மாடி கட்டினால் ஆள் வருவார்கள் என்று நாங்கள் படம் போடுகிறோம். அவர்களோ வயலை எழுப்பி நிற்கவைத்து, நாலு அடுக்காக்கி, சுற்றி வேலியும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆரோக்கியமேரிக்கு மீதமிருந்தது இன்னும் இரண்டு வாரம்.

சிங்காரவேலு சார்தான் முதலில் எழுந்தார். "எங்க அபார்ட்மென்ட்ல முப்பத்திரண்டு வீடு. ஜேஜேன்னு இருக்கு. வாசல்ல டவுன் பஸ் நிக்கணும். ஸ்டாப்பிங் வேணும்."

பஸ் இலாகா அதிகாரி பேனாவை எடுத்தார். "காலைல எத்தன பேரு சார் ஏறுவாங்க?"

"அதெல்லாம் சர்வே எடுத்துருக்காங்க. இந்தப் பொண்ணக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ப்ரொஜெக்டரில் என் பச்சைக் கட்டடம் பளபளத்தது.

"அந்தப் பச்சை தப்புங்க," என்றேன். "விளக்கு எரியுற வீடு இருபத்தொன்பது. ஆள் இருக்கிற வீடு... ஒண்ணுகூட இல்லை."

எங்கள் மேனேஜர் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஒருத்தருமேவா?" என்றார் அதிகாரி.

"விளக்கேத்த ஒரு அக்கா வர்றாங்க. சாயங்காலம் வந்து இறங்குறாங்க. காலையில் ஏற ஆளில்லை."

மண்டபத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார். அதிகாரி பேனாவை மூடினார். "மொதல்ல ஆள் ஏறட்டும் சார். அப்புறம் பஸ் நிக்கட்டும்."

சிங்காரவேலு சார் என்னைப் பார்த்த பார்வையை, அவருடைய முன்னாள் மாணவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார். உட்காரவில்லை.

"ரெண்டு ஆள் போதுமா?"

"எதுக்கு சார்?"

"பஸ் நிக்குறதுக்கு."

"ரெண்டு பேருக்கு நிக்காது சார். ஆனா ஆரம்பம்னு ஒண்ணு இருக்கில்ல."

"சரி. அந்த ஆரோக்கியமேரி என் வீட்டுல இருந்துக்கட்டும். பசங்க வீட்ல இல்ல — என் பேருல இருக்கறதுல. வாடகை கெடையாது. பேப்பர் கெடையாது. ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்தக் கூடாது."

எனக்குப் பிடித்த மாதிரி வரிசையாகச் சொன்னார். எழுதிக்கொள்ளக் கை பரபரத்தது. அவர் பேப்பர் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன்.

"அப்ப அவங்க அங்க யாரு சார்? வாடகைக்கு இருக்கறவங்களா, சொந்தக்காரங்களா?"

"வெளக்கேத்த வந்தவங்க. மழை வந்துருச்சு, தங்கிட்டாங்க. அவ்வளவுதான்."

"எத்தனை நாள் சார் மழை?"

குடையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தப் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் பெய்யட்டுமே."

மனிதர்களைப் பட்டியலில் இரண்டு பக்கமும் எழுத வேண்டியிருக்கிறது. அதுதான் பட்டியல் போடுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே தொல்லை.

என் சர்வே படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. சொந்தக்காரர், வாடகைதாரர், பூட்டிய வீடு. 'மழைக்கு ஒதுங்கியவர்' என்று ஒரு கட்டம் இல்லை. அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்: மாடி கட்டச் சொன்னால் மட்டும் போதாது, அதில் ஒரு பங்கு வாடகைக்கு என்றே கட்டப்பட வேண்டும், வயல் குத்தகைச் சட்டம் மாடிக்கு ஏறி வராது என்பதை உரிமையாளர்களுக்கு யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும் என்று. மேனேஜர் அந்தப் பக்கத்தைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டார். பின்னிணைப்பு என்பது எங்கள் தொழிலில் பூட்டிய வீடு.

எண்ணும் முறையையும் மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் ஜன்னல் பார்ப்பதில்லை. கொடியில் ஈரத்துணி, கதவில் பால் பாக்கெட் பை, வாசலில் ஜோடி மாறிக் கிடக்கும் செருப்பு — இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் குறிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆரோக்கியமேரி அக்காவைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. குடிவந்து பத்து நாள். ஜெனிட்டா ஒரு நாள்கூட பஸ்ஸைத் தவறவிடவில்லை. இனி ஒரு நாளும் விடாமல் போனால் பரீட்சை எழுதலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். ஹாலில் இரண்டு டிரங்குப் பெட்டிகள், கட்டிய கயிறு அவிழ்க்காமல்.

"இன்னும் பிரிக்கலியாக்கா?"

"எதுக்குங்க? மழை எப்ப விடும்னு யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். ஆனால் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு தாறுமாறாகக் கிடந்தது. நான் குறித்துக்கொண்டேன்.

மணி ஆறாகிவிட்டது. எண்ணெய்த் தூக்கை எடுத்தார், சாவிக்கொத்தை எடுத்தார்.

"இங்க ஏத்தலியாக்கா?"

"மொதல்ல மத்த வீட்டுக்கெல்லாம் ஏத்திட்டு வந்துடுறேன். பாப்பாவும் ஏழு மணிக்குத்தான் வரும். இது நம்ம வீடுதானேங்க... மெதுவா ஏத்திக்கலாம்."

கீழே இறங்கி டீக்கடைக்கு வந்தேன். ஆறரை. பழக்க தோஷம், அண்ணாந்து பார்த்து எண்ணினேன். இருபத்தெட்டு.

என் பழைய முறைப்படி, அந்தக் கட்டடத்தில் ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது.